நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் வடசென்னை எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. மெட்ரோ ரயில், புதுப் பூங்கா, வானத்தைத் தொடுகிற அடுக்குமாடிகள் என்று படங்களோடு போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். எங்கள் பக்கத்தைப் பற்றி வெட்டு, குத்து இல்லாமல் ஒரு முழுப் பக்கம் வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் அதில் நீச்சல் குளத்தோடு ஒரு குடியிருப்புப் படம் இருந்தது, பாருங்கள். அந்தச் சுற்றுச்சுவருக்குள் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வடசென்னையில் பட்டாளம் என்கிற பகுதியில் பிறந்து, பட்டாளத்திலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, இன்றைக்கும் அங்கேயே இருப்பவள். வயது அறுபத்து நாலு. பள்ளிக்கூடச் சத்துணவு அமைப்பாளராக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றேன். என் தாத்தாவும் அப்பாவும் பி அண்ட் சி மில் தொழிலாளிகள். பக்கிங்காம் மில் 1870-களிலும் கர்நாடிக் மில் 1880-களிலும் வந்தவை. பிறகு 1920-ல் இரண்டும் ஒரே கம்பெனியாகி, பி அண்ட் சி என்று பேராயிற்று. பின்னி கம்பெனி நடத்தியதால் பின்னி மில் என்றும் சொல்வோம். வீட்டில் அந்தப் பேரெல்லாம் கிடையாது. ‘மில்லு’ என்றால் அதுதான். உங்கள் படத்தில் இருந்த சுற்றுச்சுவருக்குள் முன்பு இருந்ததும் அதுதான்.

மில் சங்குதான் எங்கள் தெருவின் கடிகாரம். முதல் சங்குக்கு அம்மா எழுந்து அடுப்பை மூட்டுவாள். அடுத்த சங்கு ஊதுகிறபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவார். எங்கள் வாசலிலிருந்து மில் கேட்டுக்குப் பத்து நிமிஷம், மெதுவாகப் போனால் பன்னிரண்டு. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர, தெருவே ஒரு திசையில் நடக்கும். மதியம் கூடைக்காரம்மாக்கள் தூக்குச் சட்டிகளை அடுக்கிக் கொண்டு போவார்கள். எங்களுக்குக் கூடைக்காரம்மா கிடையாது. பள்ளிக்கூட மணி அடித்ததும் நான்தான் ஓடி வந்து அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். குழம்பு சிந்தாமல் வேகமாக நடப்பது எப்படி என்று அப்போது கற்றுக்கொண்டேன். பின்னாளில் நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் அண்டாவைத் தூக்குகிறபோது அது உதவியது.

அப்பா வீவிங்கில் இருந்தார். தறி ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது என்பார். கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். புதிதாக வந்த என் மாமியார் வீட்டுக்காரர்கள் அவர் கோபக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். வேலை முடிந்து வருகிறபோது புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா முந்தானையால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். அந்த மில்லின் காக்கித் துணிக்கு நாடு முழுக்கப் பேர். ரோட்டில் காக்கிச் சட்டை போட்டவர் யார் போனாலும் அப்பா ஒரு பார்வை பார்த்து, “நம்ம துணிம்மா” என்பார். முறுக்கு நூலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மில் வேலை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. எந்த ஊர் மில்லானாலும் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கும், தறிச் சத்தம் காதைக் கெடுக்கும். தாத்தா காலத்தில் சோறு தின்னக்கூட நேரம் போதாமல்தான் ஆட்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்தில் கடை வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னால் நிற்க, அன்னி பெசன்ட் அம்மையாரோடு இருந்த பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வந்து சேர, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். திரு.வி.க. நகர் என்று இன்றைக்கு நம் மண்டலத்துக்கு இருக்கும் பேர் அவருடையது. அங்கே குடியிருக்கிற எத்தனை பிள்ளைகளுக்கு அது ஒரு மனிதரின் பேர் என்று தெரியும்? நான் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பேர் என்றார்கள்.

1921 வேலைநிறுத்தத்தின்போது தாத்தா பதினாறு வயதுப் பையன். மாதக்கணக்கில் மில் நின்றது. அப்போது நம் மக்களே இரண்டாகப் பிரிந்தார்கள். வேலைக்குத் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் என்று ஆரம்பித்தது சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தாத்தா அதைச் சொல்கிறபோதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுவார். பழைய பெருமையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருந்த பத்து நிமிஷ நடை.

அப்பா காலை ஷிப்ட் என்றால் சாயங்காலம் முழுக்க அவருக்குச் சொந்தம். குளித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, தெருமுனைப் படிப்பகத்துக்குப் போவார். நாலு பேப்பர் வரும், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அங்கேயே விவாதம் நடக்கும், அங்கேயே கேரம் நடக்கும், அங்கேயே யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், யாருக்குக் கைமாற்று வேண்டும் என்பதும் முடிவாகும். சித்தப்பா பந்து விளையாடப் போவார். இன்னொரு மாமா குஸ்தி, குத்துச்சண்டை என்று சுற்றுவார். சங்கம் என்று ஒன்று ஏற்பட்டதற்கும் இந்தச் சாயங்காலம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பக்கத்துத் தறிக்காரரே பக்கத்து வீட்டுக்காரராகவும் இருந்தார். மில்லில் தொடங்கிய பேச்சு தெருக்குழாயடியில் தொடர்ந்தது. ஒருவருக்குக் கூலி வெட்டினால் அன்று ராத்திரிக்குள் ஐந்நூறு வீட்டுக்குத் தெரியும்.

என் மகனுக்குச் சாயங்காலம் கிடையாது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ் டவுட்டன் சிக்னலில் விடியற்காலை நாலே முக்காலுக்கு வரும். விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் நாலு மணிக்கு எழுந்துவிடுவான். நானும்தான் எழுந்திருக்கிறேன். அவன் வேண்டாம் என்றாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வருவதில்லை. ஒரு வழிக்கு ஐம்பது கிலோமீட்டர். திரும்பி வருகிறபோது சில நாள் ஆறு மணி, பூந்தமல்லியில் மாட்டிக்கொண்டால் ஏழரை. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் பிள்ளைக்கு ஐந்து வயது. தூங்குகிற அப்பாவைத்தான் அதிகம் பார்த்திருக்கிறது.

அவனோடு ஒரே லைனில் நிற்கிறவர்கள் திருவண்ணாமலை, அரியலூர், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். ஷிப்ட் முடிந்தால் ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு திசை. “கூட வேலை செய்றவன் வீடு எங்கப்பா?” என்று கேட்டேன். “தெரியாதும்மா, பேர்கூட முழுசாத் தெரியாது” என்றான். ஆறு வருஷமாக அவர்கள் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். என் அப்பா இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

மில் 1996-ல் மூடியது. அதே 1996-ல்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தது. 1998-ல் அங்கிருந்து கார் வெளியே வந்தது. பிறகு ஒரகடம் வரை ஒவ்வொன்றாக வந்தன. ஊருக்கு வேலை வந்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. பழைய நூற்பு, நெசவு மில்கள் பம்பாயிலும் படுத்தன, கோயமுத்தூரிலும் படுத்தன. பழைய இயந்திரம், விசைத்தறியோடு போட்டி என்று காரணம் பல. யாரையும் குற்றம் சாட்டி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், வேலை வடக்கிலிருந்து எழுந்து மேற்கே போய் உட்கார்ந்தது. மனிதர்கள் எழுந்து போக முடியவில்லை. அந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

நான் அதைப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்து பார்த்தேன். 96-க்கு முன்னால் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளாவது வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருவார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள். அரிசியை அளக்கிற என் கைக்கு அது உடனே தெரிந்தது. ஒரு பையன், நாலாவது படித்தவன், தட்டைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பான். அவன் அப்பா ஃபிட்டர். அதுவரை சத்துணவு சாப்பிட்டதில்லை. கூச்சம். சமையலறைப் பின்கட்டில் உட்கார வைத்துப் போட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு மாசம் கழித்துத்தான் மற்றவர்களோடு உட்கார்ந்தான். ஃபிட்டர் ஒரு அப்பார்ட்மென்டில் வாட்ச்மேன் ஆனார். இன்னொருவர் ஆட்டோ எடுத்தார். சிலர் மூட்டை தூக்கப் போனார்கள். எங்கள் தெருப் பெண்கள் காலை ஆறு மணி பஸ்ஸில் கீழ்ப்பாக்கத்துக்கும் அண்ணா நகருக்கும் வீட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன்னால் அந்த பஸ்ஸில் எங்கள் பெண்களை நான் பார்த்ததில்லை.

என் தம்பி கதையும் இதுவே. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலை, பேர் வேண்டாம். பத்தொன்பது வருஷம் லேத்தில் நின்றான். அவன் செக்ஷனை ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாற்றினார்கள். அங்கே வாடகை கொடுத்துக் குடித்தனம் வைக்க அவனால் ஆகவில்லை, பிள்ளைகள் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டான். இப்போது சிம் கார்டு, ரீசார்ஜ் என்று ஒரு சின்னக் கடை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைகிற கை அது.

எல்லாமே போய்விட்டது என்றும் சொல்லக் கூடாது. ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் இருக்கிறது. முதல் வந்தே பாரத் ரயிலை 2018-ல் அங்கேதான் கட்டினார்கள். அயனாவரம் பக்கம் சாயங்காலம் போனால் இன்றைக்கும் வேலை விட்டு வீட்டுக்குப் போகிற ஆட்களைப் பார்க்கலாம். வழியில் காய்கறி வாங்குவார்கள், நின்று பேசுவார்கள். பார்க்கவே எனக்குப் பழைய நினைப்பு வந்துவிடும்.

வேலை இப்படிப் போனதே, அதோடு புகையும் போயிருந்தால் ஒரு ஆறுதல். அது போகவில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைக் கணக்கெடுத்தபோது மணலி அந்தப் பட்டியலில் இருந்தது. எண்ணூர் பழைய அனல் மின் நிலையத்தை 2017-ல் நிறுத்தினார்கள். ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் புதியவை அதைவிடப் பெரிதாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து முகத்துவாரம் மேடாகிவிட்டது என்று மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள். இறாலும் நண்டும் எடுத்த இடம் அது. கொடுங்கையூர்க் குப்பைமேடு 300 ஏக்கருக்கு மேல். என் கடைசி ஏழு வருஷப் பணி அந்தப் பக்கத்துப் பள்ளியில். கோடையில் மேடு தீப்பிடித்தால் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சமைப்போம். சோற்றுக்கு ஊதி ஊதி இருமுகிறதா, புகைக்கு இருமுகிறதா என்று தெரியாமல் பிள்ளைகள் இருமும்.

என் அக்கா எண்ணூரில் வாழ்க்கைப்பட்டவள். 2023 டிசம்பர் மாதத்தை அவள் வாழ்நாளில் மறக்கமாட்டாள். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். பட்டாளத்தில் எங்கள் வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீர் நாலு நாள் நின்றது, ஓட்டேரி நல்லா கால்வாய் பொங்கினால் எங்களுக்கு அது புதுசில்லை. அக்கா வீட்டுப் பக்கமோ தண்ணீரோடு கச்சா எண்ணெய் வந்தது. சுவரில் கறுப்புக் கோடு, படகில் கறுப்பு, வலையில் கறுப்பு. கழுவக் கழுவப் போகவில்லை. அதைத் துடைத்து முடிக்குமுன் 26-ம் தேதி நள்ளிரவு, கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து, ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அக்கா போனில் பேசுகிறபோது முதலில் இருமல்தான் கேட்டது. இத்தனைக்கும் அவள் தெருவிலிருந்து அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். யோசித்து யோசித்து இரண்டு பேரைச் சொன்னாள்.

இதை யோசித்துப் பாருங்கள், ஐயா. மில்லின் பஞ்சை என் அப்பா சுவாசித்தார். அந்த மில் கொடுத்த சம்பளத்தில்தான் நாங்கள் நாலு பேரும் படித்தோம். அக்காவின் தெருப் பிள்ளைகள் சுவாசிப்பதற்கு என்ன கிடைக்கிறது? இப்போது கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வைக்கப்போகிறோம் என்கிறார்கள். அந்தப் பக்கத்து மக்கள் கைகோத்து நின்று வேண்டாம் என்றார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் எழுத மாட்டேன். 2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று வருஷத்தில் 1,000 கோடி என்று அறிவித்தார்கள், பிறகு தொகை கூடியது. பள்ளிகள், ஆஸ்பத்திரி, பாலம் என்று வேலை நடக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று 2024-ல் திறந்தார்களே, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அங்கே போய்த்தான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற பெண்ணுக்கு அமைதியாக ஒரு மேஜை கிடைப்பது சின்ன விஷயமில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. இப்போது மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பாதை போடுகிறார்கள். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் தோண்டுகிறார்கள். ராத்திரியில் தரை லேசாக அதிரும்.

அந்த ரயில் வரட்டும். நானும் ஏறுவேன். ஆனால் ஒவ்வொரு திட்டமும் எங்கள் பிள்ளைகளை இன்னும் சீக்கிரமாக, இன்னும் தூரமாக அழைத்துப் போவதற்கே இருக்கிறது. தெற்கே போ, மேற்கே போ. எங்கள் பக்கம் வேலையைக் கொண்டு வருகிற திட்டம் எது என்று தேடுகிறேன், என் கண்ணில் படவில்லை.

நிலம் இல்லையென்று சொல்ல முடியாது. பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று மூடின தொழிற்சாலை, காலிக் குடோன், உடைந்த ஷெட் எத்தனை? அவை ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆகின்றன. வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலை நிலத்தை வீட்டு மனையாக மாற்ற அனுமதி கேட்கிறபோது, அதில் ஒரு பங்கை வேலைக்கென்றே விட வேண்டும் என்று விதி போடுங்கள் என்கிறேன். பூங்காவுக்கு இடம் விடச் சொல்லவில்லையா, அதுபோல. பெரிய புகைபோக்கி வேண்டாம், அது எங்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மூன்று மாடியில் தையல் கூடம், சின்னச் சின்ன லேத் பட்டறை, மின்சார வண்டி பழுது பார்க்கும் இடம், கம்ப்யூட்டர் வேலை என்று எதுவாக இருந்தாலும் சரி. நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தையலை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பெண்கள் வீட்டில் மிஷின் வைத்திருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு நைட்டி, பாவாடை தைத்துக் கொடுப்பவர்கள். பீசுக்கு இத்தனை என்று கூலி, அதையும் கொடுக்கிறவர் வைத்ததுதான் விலை. துணி மூட்டையைத் தலையில் சுமந்து வந்து, கட்டில் மேலே பிள்ளை படித்துக்கொண்டிருக்க, கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டு ராத்திரி பதினொன்று வரை தைக்கிறார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் முதலில் மோட்டாரைக் கழற்றி மேலே வைப்பார்கள், அப்புறம்தான் அரிசி. இவர்கள் எல்லோரும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்தால் கூலியைப் பேசி வாங்குவார்கள். ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாட்டுக்கே துணி நெய்த இடத்தில் இந்தப் பதினோரு மிஷினுக்கு இடம் இல்லாமல் போகலாமா?

படித்த பிள்ளைகளுக்கும் இதே பாடுதான், கூடவே இன்னொரு பாடும் உண்டு. என் மகள் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியில் பி.காம். முடித்தாள். முதல் வகுப்பு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வு போனாள். எல்லாம் நன்றாகப் போய், கடைசியில் எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாள். அந்தப் பக்கம் ராத்திரியில் எங்கள் வண்டி வராதே என்றார்களாம். பிறகு தகவல் இல்லை. அடுத்த தடவை அவளுடைய தோழி, “அண்ணா நகர்ல இருக்கிற உங்க பெரியம்மா அட்ரஸைப் போடுடி” என்று சொல்லிக் கொடுத்தாள். போட்டாள். வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொல்கிறபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. “பொறந்த ஊரை மறைச்சி வேலை வாங்கினேன்மா” என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

இந்த விஷயத்தில் உங்கள் பேப்பருக்கும் பங்கு உண்டு என்பதை மரியாதையோடு சொல்கிறேன். புளியந்தோப்பு என்று உங்கள் பேப்பரில் தேடினால் ரவுடி என்ற சொல்லோடுதான் வரும். இதே ஊரில்தான் கேரம் உலக சாம்பியன் இளவழகி வியாசர்பாடியில் இருந்து வந்தார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது போட்டீர்கள், மறுக்கவில்லை. மறுவாரம் பழைய சொல்லே திரும்பி வந்துவிட்டது. அந்தச் சொல் ஒரு பெண்ணின் நேர்முகத் தேர்வு அறை வரை போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பா 2008-ல் காலமானார். கடைசி வருஷங்களில் நினைவு தப்பும். விடியற்காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். “சங்கு ஊதிருச்சா?” என்பார். “இன்னும் இல்லப்பா” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவேன். இப்போது அதே நேரத்தில், அதே வாசலில், என் மகன் நிற்கிறான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை வடசென்னையைப் பற்றிக் கட்டுரை போடுகிறபோது உங்கள் நிருபர் ஒருவரையும் படம் எடுப்பவரையும் விடியற்காலை நாலரை மணிக்கு டவுட்டன் சிக்னலுக்கு அனுப்பி வையுங்கள். வரிசையாக வருகிற கம்பெனி பஸ்களை எண்ணச் சொல்லுங்கள். ஏறுகிற பிள்ளைகளிடம் எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், உன் தாத்தா எங்கே வேலை பார்த்தார் என்று மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். டீக்கடை அந்நேரமே திறந்திருக்கும். ஐந்து மணிக்கு மேல் வந்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பட்டாளம், சென்னை - 12.